பொறி பறக்கணும்

– அந்த மரச்சுத்தியலக் கீள வைங்க மொதல்ல. வண்டிய ரிப்பேர் பாக்குறீகளா, தாலாட்டுறீகளா?

– ஏ வேலு, இரும்ப இரும்பால தட்டக் கூடாது. பொறி விளும். வெடிமருந்து கலக்குற மருந்துரூம்காரன் பொண்டாட்டியா இருந்துக்கிட்டு இதுகூடத் தெரியலையா உனக்கு?

– மருந்துரூம்காரரே, இது உங்க வெடிக் கம்பெனி இல்ல, நம்ம வீட்டு வாசல். இது மருந்தும் இல்ல, ஒரு டீச்சரம்மா ஓட்டுன பழைய ஸ்கூட்டர். இதுக்குப் போயி சுத்தி மண்ணு வாளி, தண்ணி வாளி, நனைச்ச சாக்கு! போறவுக வாரவுக எல்லாம் வீட்டுல எதுவும் துட்டியா, எளவான்னு கேட்டுட்டுப் போறாக.

– கேக்கட்டும். பெட்ரோல் இருக்குல்ல? சேப்டி வேணாமா?

– சேப்டி, சேப்டி! கலியாணத்தன்னைக்குக் குத்துவெளக்கு ஏத்துறப்பவே, மணல் வாளி எங்கன இருக்குன்னு எங்க அய்யாகிட்டக் கேட்ட ஆளுதான நீங்க.

– பந்தல் பூராம் ஓலை புள்ள. கேக்காம என்ன செய்ய?

– நான் தாலி கட்டிக்க வந்தேனா, தீயணைப்பு ஆபீசுக்கு வந்தேனான்னு அன்னைக்கே யோசிச்சிருக்கணும். சரி, இன்னொரு மிதி மிதிங்க பாப்போம்.

– இந்தா மிதிக்கேன். ம்ஹூம். இன்னொண்ணு. ம்ஹூம். மூச்சே விடமாட்டேங்குது.

– நேத்து சாயங்காலம் வரைக்கும் ஒத்த மிதியில கெளம்புன வண்டி. ஒரு நாளு மக்கர் பண்ணிருக்குமா? நீங்க 'நாளைக்கு முக்கியமான நாளு, ஒரு சர்வீஸ் போட்டு விடுதேன்'னு உக்காந்தீக. முடிஞ்சது சோலி.

– நல்லதுக்குத்தான செஞ்சேன். நடுவளியில நின்னுறப்படாதேன்னு.

– இப்ப நடுவாசல்ல நிக்குது. பத்து மணிக்குள்ள வண்டி லட்சுமிகாந்தம் அம்மா பிரஸ் வாசல்ல போய் நிக்கணும். நிக்கலைன்னா காலண்டர் லைனை பொன்னுத்தங்கத்துக்குக் குடுத்துருவேன்னு அந்தம்மா கண்டிசனாச் சொல்லிட்டாக. அவ காலையிலேயே வண்டியத் தொடச்சுப் பொட்டு வச்சுட்டா.

– பொன்னுத்தங்கமா? அவ வண்டியில பிரேக்கே கெடையாதே. வேலியாப் பாத்துப் போயி முட்டித்தான நிறுத்துவா.

– நிறுத்துறது எப்படியோ போகட்டும். கெளம்புதுல்ல!

– அவளுக்குக் குடுக்க விட்டுருவேனா? ரெண்டாயிரத்தி எட்டு காலண்டர் பூராம் நம்ம வண்டியிலதான் போகணும். அட்டையையும் தேதிக்கட்டையும் ஏத்திக்கிட்டுப் போயி ஊர் ஊரா, வீட்டுக்கு வீடு எறக்கி, அவுக ஒட்டி முடிச்சதத் திருப்பி ஏத்திக்கிட்டு வந்து பிரஸ்ஸுல போடணும். வெயிலு அடிக்கும், நாயி வெரட்டும். ஆனா நெருப்பு கெடையாது பாரு. காலண்டர் முடிஞ்சா நோட்டு அட்டை, அது முடிஞ்சா கலியாணக் கார்டு. வருசம் பூராம் வேலை இருக்குன்னுதான சொன்னாக?

– ஆமா. ஒரு லைனுக்கு ஒரு ஆளு, ஒரு வண்டி. அம்புட்டுதான் இடம்.

– அது போதும் புள்ள. இந்த வீட்டுல ஒரு ஆளாவது அந்தக் கம்பெனி கேட்டை விட்டு வெளிய வந்தாச் சரி. எனக்கு அதான் வேணும்.

– எனக்கும் அதேதான் வேணும். மிதிங்க.

– மிதிக்கேன். அது சரி, நீ என்ன நைலக்ஸ் சேலையக் கட்டிக்கிட்டு வந்து ஒரசிக்கிட்டு நிக்க? தள்ளி நில்லு. நைலக்ஸுல கரண்டு ஏறும்.

– ஏறட்டும், வண்டியிலதான் ஏறல, என் சேலையிலயாவது ஏறட்டும். கம்பெனியில பெட்டி ஒட்டுறதுக்குக்கூட பருத்தி கட்டு, பருத்தி கட்டுன்னு உசுர வாங்குறாக. பிரஸ்ஸுக்குப் போறதுக்காவது கண்ணுக்கு நல்லதா ஒண்ணு கட்டக் கூடாதா?

– கட்டு, கட்டு. வண்டி ஓட்டுறப்ப முந்தானைய மட்டும் இடுப்புல சொருகிக்க. சக்கரத்துல மாட்டுச்சுன்னா தொலைஞ்ச.

– அதெல்லாம் பொறவு பாத்துக்கலாம். கார்ப்ரேட்டரத் தொடச்சீகளா?

– மூணு தடவை களட்டித் தொடச்சாச்சு. ஊதியும் பாத்தாச்சு. வாயெல்லாம் பெட்ரோல் வாடை.

– நல்ல வேளை நீங்க பீடி குடிக்கல. பெட்ரோல் கொளாயி?

– அடைப்பு இல்ல. டேங்க்குல பெட்ரோல் இருக்கு. ஆயிலும் அளவா ஊத்திருக்கு. காத்துப்போற வளியில பல்லி எதுவும் செத்துக் கெடக்கான்னும் பாத்துட்டேன்.

– பல்லி இருந்தா அதுவாவது ஒரு சத்தம் குடுத்திருக்கும்.

– என்ன மாப்ள, காலையிலேயே வண்டியப் போட்டு அந்த மிதி மிதிக்க? எங்க வீட்டுச் சுவரு அதிருது. இப்பத்தான் கண்ணசந்தேன்.

– வா சுடலை மச்சான். அடுத்த வீட்டுல இருந்துக்கிட்டு எட்டிப் பாக்க இம்புட்டு நேரமா?

– நைட் ஷிப்ட்டு பாத்துட்டு வந்து படுத்த மனுசன்யா நானு. காலண்டர் சீசன்ல எங்க ஆப்செட் மெஷின் ஒரு நிமிசம் நிக்குதா? ஆமா தங்கச்சி, வண்டிக்கு என்ன கோளாறாம்?

– வாங்கண்ணே. கோளாறு வண்டிக்கு இல்ல, உங்க மாப்ளைக்கு. நேத்து சர்வீஸ் பண்ணாரு, இன்னைக்கு அது செவனேன்னு நிக்குது.

– நான் சொல்றேன் கேளு. எங்க ஆப்செட் மெஷின் இப்படிப் பட்டுனு நின்னுச்சுன்னு வச்சுக்க, மொதல்ல என்ன செய்வோம் தெரியுமா?

– சொல்லு மச்சான்.

– பீடி குடிக்க வெளிய போயிருவோம். திரும்பி வாரதுக்குள்ள யாராவது சரி பண்ணிருப்பாக.

– ஏய், ஏய்! பீடிய எடுக்காத மச்சான்!

– பத்த வைக்கலையேப்பா. வாயிலதான வச்சேன்.

– வாயில இருந்தும் எடு. இங்கன பெட்ரோல் தொறந்து கெடக்கு.

– சரிப்பா, இந்தா காதுல சொருகிக்கிட்டேன். காதுல இருந்தா வெடிக்காதுல்ல? இந்த ஆளோட எப்படித்தான் குடும்பம் நடத்துறியோ தங்கச்சி.

– நடத்தி எங்கண்ணே, தாளிக்கக்கூட விடமாட்டாக. கடுகு வெடிச்சா அந்தப் பக்கமே வரமாட்டாக. தீவாளியன்னைக்குத் தெருவே வெடி போட்டுச்சு. வெடி செஞ்ச புண்ணியவான் கட்டிலுக்கு அடியில கெடந்தாரு.

– கட்டிலுக்கு அடியில செருப்புத் தேடுனேன்.

– காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் தேடுனாரு அண்ணே.

– அட விடு தங்கச்சி, மிட்டாய்க்கடைக்காரன் எவன் மிட்டாய் திங்கான்? மாப்ள, நான் சொல்றேன் கேளு. ஸ்கூட்டர்னா அதுக்குன்னு ஒரு வைத்தியம் இருக்கு. சாய்க்கணும். ஒருபக்கமாச் சாய்ச்சுப் போட்டு எடுத்தா பெட்ரோல் எறங்கிரும். எங்க மொதலாளி கனகசபாபதி அந்தக் காலத்துல தெனம் சாய்ச்சுட்டுத்தான் ஏறுவாரு. சில நாளு சாய்ச்சவுடனே அவரும் சேந்து சாஞ்சிருவாரு.

– சாய்ச்சுப் பாப்போமா வேலு?

– எதையாவது செய்யுங்க. வெரசாச் செய்யுங்க.

– பிடி மச்சான். பைய. பதனம், பதனம். பையன்னா பைய!

– பையத்தான்யா சாய்க்கேன். ஐயையோ, என் கால்ல வளியுது! வேட்டியெல்லாம் நனைஞ்சுபோச்சு!

– அண்ணே, வண்டியச் சாய்க்கச் சொன்னா நீங்க ஏன் சாயுறீக? நிமித்துங்க, நிமித்துங்க.

– மச்சான், அந்த வேட்டியோட அடுப்படிப் பக்கம் போயிறாத. சாக்க எடுத்துச் சுத்திக்க.

– நனைஞ்ச சாக்கச் சுத்திக்கிட்டு நிக்கவா? கலியாணமாகாத கொமருக இருக்குற தெருவுய்யா இது. சரி, இப்ப மிதி.

– ம்ஹூம்.

– இன்னொண்ணு.

– ம்ஹூம். கேக்க மாட்டேங்குது.

– அப்ப ஒண்ணு செய்யி. இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு ஒரு சேவல நேந்துக்கிட்டு மிதி.

– ஏண்ணே, அந்த ஆத்தாளே அம்மை, கண்ணுநோவுன்னு ஊரு வேலைய இளுத்துப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. இதுல கிரீஸ் வேலையும் அவதான் பாக்கணுமா? நீங்க உருப்படியா ஒரு ரோசனை சொல்லுங்க.

– உருப்படியாவா? அப்ப கரண்டப் பாக்கணும். பெட்ரோல் வருது, காத்து வருது. மிச்சம் கரண்டுதான. மாப்ள, பிளக்குல கரண்டு வருதான்னு பாத்தியா?

– பாத்துட்டேன். அதெல்லாம் வருது.

– எப்படிப் பாத்த?

– பிளக்கக் களட்டி, வயரு மூடியில மாட்டி, இஞ்சின் மேல ஒட்ட வச்சுக்கிட்டு மிதிச்சேன். எல்லாரும் பாக்குற மாதிரித்தான்.

– முனையில பொறி பறந்துச்சா?

– பறந்துச்சு, பறந்துச்சு.

– என்ன கலரு?

– எது?

– பொறிப்பா. நீலமா இருந்துச்சா, செவப்பா இருந்துச்சா? நீலம்னா நல்ல கரண்டு. செவப்புன்னா நோஞ்சான்.

– அது... பொறி கலர்லதான் இருந்துச்சு.

– என்னங்க, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. என்ன கலரு?

– ஏ புள்ள, நான் என்ன ஜவுளிக்கடையிலயா நிக்கேன், கலரு பாத்துச் சொல்றதுக்கு? பறந்துச்சு, அம்புட்டுதான்.

– சரி, எனக்கு முன்னாடி ஒருக்கக் காட்டுங்க. அந்தப் பிளக்கு ஸ்பேனர எடுங்க. இது இரும்புதான், தொட்டா ஒண்ணும் செய்யாது.

– களட்டுறேன். இரு, பிளக்கு இருந்த ஓட்டைய ஈரத்துணி வச்சு மூடிருதேன். உள்ள இருந்து பெட்ரோலு பொகையாட்டம் வரும். இது நெசமாவே ஆபத்து, சிரிக்காதீக.

– சிரிக்கல மாப்ள. மூடு. ம், இப்ப மிதி.

– மிதிச்சேன். பாத்தீகளா? பறந்துச்சுல்ல?

– எனக்கு ஒண்ணும் தெரியலையே மாப்ள. ராத்திரி பூராம் முளிச்ச கண்ணு, எனக்கு எல்லாமே பறக்குற மாதிரித்தான் இருக்கு. நீ பாத்தியா தங்கச்சி?

– நான் பிளக்கப் பாக்கலண்ணே. இவுக மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

– என் மூஞ்சியில என்ன இருக்கு?

– கண்ணு இருக்கு. அது ரெண்டும் மூடி இருந்துச்சு. காலத் தூக்குனீக, உடனே கண்ண இறுக்கிக்கிட்டீக, மூஞ்சியத் திருப்பிக்கிட்டீக. வேப்பெண்ணெ குடிக்கிற பிள்ளை மாதிரி.

– யாரு? நானா?

– இல்ல, அடுத்த தெரு ஆளு. கண்ண மூடிக்கிட்டு எப்படிங்க பொறியப் பாத்தீக?

– அட, சிரிக்காத மச்சான். நீ மெஷினுல காகிதம் ஓட்டுறவன். உனக்குத் தெரியாது. எங்க எடத்துல பொறிய நின்னு வேடிக்கை பாத்தவன் எவன் திரும்பி வந்திருக்கான்? பொறின்னு ஒருத்தன் வாயெடுக்குறதுக்கு முன்னாடி காலு ஓடிரணும். அப்படித்தான் பளக்கிருக்காக. கண்ணு தானா மூடிக்கிருது, நான் என்ன செய்ய?

– அப்ப காலையில இருந்து பொறி பறந்துச்சு பறந்துச்சுன்னு சொன்னது?

– பறந்திருக்கும்னு ஒரு நம்பிக்கைதான்.

– நல்லா வந்துருச்சு என் வாயில! இவுக நம்பிக்கைய நம்பி மூணு தடவை கார்ப்ரேட்டர ஊதியாச்சு, அண்ணன் வேட்டிக்குப் பெட்ரோல் அபிசேகம் பண்ணியாச்சு, இன்னும் பல்லிக்குக் கருமாதிதான் பாக்கி. குடுங்க அந்தப் பிளக்க.

– சுடும், பதனம்.

– ஓடவே இல்லாத வண்டியில எது சுடும்? அண்ணே, இங்கன வெளிச்சத்துக்கு வாங்க. இந்த முனையில வளைஞ்ச கம்பி ஒண்ணு இருக்கு, நடுவுல ஒரு குச்சி இருக்கு. ரெண்டும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்குமா?

– எங்க, காட்டு. ஒட்டக் கூடாதே தங்கச்சி. நடுவுல ஒரு சந்து இருக்கணும்ல? அந்தச் சந்துலதான பொறி தாண்டும். எங்க மொதலாளி மகன் ராம்குமார் வண்டியில நானே பாத்திருக்கேன். மாப்ள, இதுல சந்தக் காணோமேய்யா.

– சந்தா? அது இருந்துச்சு.

– இருந்துச்சா? எங்க போச்சு?

– நாந்தான் அடைச்சு விட்டேன்.

– என்னது?

– நேத்து களட்டித் தொடச்சேன்ல? ஒரே கரியா இருந்துச்சு. தொடச்சுப் பாத்தா முனையில ஒரு சந்து. ஓடி ஓடித் தேஞ்சு விலகிருச்சு போலன்னு நெனச்சேன். நம்ம எடத்துல அப்படி விலகி இருந்தா விடுவாகளா? ரெண்டு இரும்புக்கு நடுவுல சந்து இருந்தா பொறி பறக்கும்லா? அதான் மரச்சுத்தியலால பையத் தட்டி, நல்லா ஒட்டி வச்சேன். பொறி பறக்காத மாதிரி.

– பறக்கணும்யா!

– ம்?

– பறக்கத்தான்யா அதக் கண்டுபிடிச்சு வச்சிருக்கான்! அதுக்குப் பேரே ஸ்பார்க் பிளக்குய்யா, ஸ்பார்க்குன்னா பொறி! யோவ் மாப்ள, வெளக்கு எரியுதேன்னு பயந்து திரிய வெட்டிப் போட்ட ஆளு உலகத்துலயே நீ ஒருத்தன்தான்!

– அண்ணே, சத்தம் போடாதீக. தெரு கேக்குது.

– கேக்கட்டும் தங்கச்சி! எங்க மெஷின்ல இத ஒரு வருசம் சொல்லிச் சிரிப்போம். சேப்டியா ஒட்டி வச்சானாம்!

– போதும் மச்சான். எனக்கு வெக்கமா இருக்கு. வேலு, நீயும் சிரிக்கியா?

– சிரிக்காம அழவா? நான் சிரிக்கலைன்னா அந்தச் சுத்தியல எடுத்திருப்பேன். சரி, நேரமாகுது. அந்தச் சந்தத் தொறங்க.

– எம்புட்டுத் தொறக்க? கூடிப் போனாலும் ஓடாது, கொறைஞ்சு போனாலும் ஓடாதே.

– நான் சொல்றேன் கேளு. ராம்குமார் வண்டிக்கு மெக்கானிக்கு ஒரு தகடு விட்டுத்தான் பாத்தான். நம்மகிட்டத் தகடு எங்க இருக்கு? ஆனா அந்தக் கனம் எனக்குக் கையில நிக்குது. காகிதத்துக் கனம் மட்டும் இந்த வெரலு தப்பாச் சொல்லாது. காலண்டர் அட்டை ஆகாது, அது தடி. கலியாணக் கார்டு மெலிசு. இந்தா, பையில விசிட்டிங் கார்டு வேஸ்ட்டு கெடக்கு. ரெண்டச் சேத்து வச்சா சரியா இருக்கும். இது நுழைஞ்சு, லேசாப் பிடிச்சா நிறுத்திக்க.

– அண்ணே, வந்ததுல இருந்து இப்பத்தான் ஒரு வேலைக்காகுற பேச்சு பேசிருக்கீக.

– இதுக்குத்தான் தங்கச்சி நைட் ஷிப்ட்டுக்காரன எளுப்பக் கூடாது. முதல்ல வேட்டி நனையும், பொறவுதான் புத்தி வரும்.

– பிளேடு முனையால நெம்புறேன். வருது. கார்டக் குடு மச்சான். ம், நுழையுது. லேசாப் பிடிக்குது.

– போதும், நிறுத்துங்க. இப்ப மூடியில மாட்டி இஞ்சின்ல வைங்க. நான் மிதிக்கேன். நீங்க பாக்கணும்.

– நீ பாரு வேலு. நான் மிதிக்கேன்.

– இல்ல. நீங்கதான் பாக்கணும். கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டு.

– எதுக்கு வம்பு? மச்சான் பாக்கட்டும்.

– எனக்கு எல்லாமே பறக்குதுன்னு அப்பவே சொல்லிட்டேன் மாப்ள.

– இங்கன பாருங்க. என்னைய இல்ல, பிளக்க. நான் மிதிச்சுட்டேன். மூடிட்டீகளே!

– தானா மூடுது புள்ள. வேணும்னேயா செய்யுறேன்?

– இன்னொருக்க மிதிக்கேன். தொறந்து வைங்க. திரும்பவும் மூடிட்டீக.

– முடியல வேலு.

– சும்மா ஒரு பிளக்குங்க. கொசுக்கடி கூட இல்ல.

– எனக்குத் தெரியும். மனசுக்குத் தெரியுது, கண்ணுக்குத் தெரியலையே. பக்கத்து ஷெட்டுக்காரன் வெடி விபத்துல செத்துப் போனதுல இருந்து இப்படித்தான் இருக்கு. முன்னெல்லாம் மருந்து சலிக்கையில நான் பாட்டுப் பாடுவேன், தெரியும்ல உனக்கு? இப்ப சல்லடையத் தொட்டாப் பாட்டே வரமாட்டேங்குது. மருந்து வாளிய எறக்கி வைக்கையில கண்ணு மூடிக்கிருது. கண்ண மூடிக்கிட்டா மருந்து கலக்க முடியும்? பயமா இருக்கு புள்ள. தெனம் பயமா இருக்கு.

– மாப்ள... என்னய்யா இது? ஒரு வார்த்தை சொன்னதில்லையே.

– எதச் சொல்ல மச்சான்? ஊருக்குள்ள மருந்துரூம் கோட்டைச்சாமின்னா ஒரு பேரு. போர்மேன் சங்கையா எனக்குத்தான் தனியா டீ வாங்கித் தாராரு. அவருகிட்டப் போயி எனக்குப் பயமா இருக்குன்னு நானே எப்படிச் சொல்லுவேன்? தீவாளி லீவு விட்டப்ப எம்புட்டு நிம்மதியா இருந்துச்சு. இன்னைக்குக் கம்பெனியப் பூசை போட்டுத் தொறக்காகன்னதும் விடியக்காலையிலேயே எந்திரிச்சு உக்காந்துட்டேன். அதான் இந்த வண்டியக் கட்டிக்கிட்டு அழுதேன். நீயாவது வெளிய போயிருவ. எனக்குன்னு இனி என்ன, ஓடுற வரைக்கும் ஓடட்டும்.

– வாய மூடுங்க. நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது?

– அழாத வேலு. நைலக்ஸ் சேலைக்கு ஆகாது.

– நான் ஒண்ணும் அழல. பெட்ரோலு வாடை கண்ணக் கரிக்குது. இங்கன வாங்க. நான் உங்க கையப் பிடிச்சுக்கிறேன். அண்ணே, நீங்க மிதிங்க. என்னங்க, கைய விடமாட்டேன். பாருங்க.

– மிதிக்கேன் மாப்ள. ஒண்ணு.

– மூடிட்டேன்.

– பரவாயில்ல. திரும்பவும்.

– இந்தா, ரெண்டு.

– வந்துச்சு! வேலு, வந்துச்சு! நீலம்! மச்சான், நீலமா இருந்துச்சுய்யா! பொடுசா, டிக்குன்னு ஒரு சத்தம். இம்புட்டுக்காணும்தான் இருக்கு! இன்னொருக்க மிதி மச்சான். ஆத்தாடி, திரும்ப வந்துச்சு! நான் பாத்தேன் புள்ள!

– பாத்தீகல்ல? ஒண்ணும் ஆகலைல்ல?

– ஒண்ணும் ஆகல. இன்னொருக்க மிதியேன் மச்சான்.

– யோவ், என் காலு என்ன உங்க அப்பன் வீட்டுக் காலா? பிளக்க மாட்டுய்யா. நேரமாகுது.

– மாட்டுறேன், மாட்டுறேன். துணிய எடு. ம், முறுக்கியாச்சு. மூடியப் போட்டாச்சு. தள்ளிக்கோங்க ரெண்டு பேரும்.

– மண்ணு வாளி வேணாமா?

– கிண்டலாக்கும்? இந்தா மிதிக்கேன். இன்னொண்ணு... வந்துருச்சு! கெளம்பிருச்சு! கேட்டியா சத்தத்த!

– கேட்டேன், பொகை என் மூக்குல போயிருச்சு. மாப்ள, காதுல இருக்குற பீடிய இப்ப எடுக்கலாமா?

– தெரு முக்குல போயிக் குடிச்சுக்க. ஏ வேலு, ஆக்சிலேட்டரப் பைய முறுக்கு. வளைவுல முந்தாத. புதுப்பட்டி ரோட்டுல லோடு லாரி வந்தா ஓரமா நின்னுரு. காலண்டர் கட்ட ஏத்துனா கயிற ரெண்டு சுத்து சுத்து. பொன்னுத்தங்கம் எதுக்க வந்தா வண்டிய வேலிக்குள்ள விட்டுரு, அவ நிறுத்த மாட்டா.

– காரியாபட்டியில டீச்சரம்மாகிட்ட வண்டிய வாங்கிட்டு நீங்க எப்படி வந்தீகன்னு ஊருக்கே தெரியும். மாட்டுவண்டிக்காரன் 'வளி விடுப்பா'ன்னு முந்திக்கிட்டுப் போனானாம்.

– மெதுவா வந்தாலும் கீறல் இல்லாம வந்தேன்ல? நீயும் அப்படித்தான் போகணும். அந்தா ஹாரன் சத்தம். கம்பெனி வேன் வந்துருச்சு. நான் சட்டைய மாட்டிட்டு ஓடுறேன். நீ வண்டிய அணைச்சுப்புடாம அப்படியே கெளம்பு.

– சட்டையப் போடுங்க. நல்ல சட்டையாப் போடுங்க.

– பூசைக்கு எந்தச் சட்டையா இருந்தா என்ன? மச்சான், வேனை நிக்கச் சொல்லு. கையக் காட்டு.

– காட்டுறேன். ஏப்பா டிரைவரு! நிப்பாட்டு! கோட்டைச்சாமி வாரான்! ஏய், உன்னையத்தான்!

– என்ன மச்சான்?

– நிக்காமப் போறான்யா. சிரிச்சுக்கிட்டே ஒரு கும்பிடு போட்டுட்டுப் போறான்.

– நிக்காமயா? ஏ வேலு, வேன் போகுது பாரு! பூசையன்னைக்கே போகலைன்னா என்ன நெனப்பாக? வண்டியத் தா, வெரட்டிப் பிடிச்சுருதேன்!

– வெரட்ட வேணாம். நேத்தே சங்கையா அண்ணாச்சியப் பாத்து, நீங்க இனி கம்பெனிக்கு வரமாட்டீகன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

– நான் வரமாட்டேனா? நீதான புள்ள வேலைய விட்டு நிக்கப் போற? நாளைக்கு நீ காலண்டர் தூக்கப் போனா நான் எங்க போவேன்?

– ஏறி உக்காந்து ஓட்டுங்க, நான் பின்னாடி உக்காந்து வாரேன். லைனுக்கு ஆளு பேரு என்னன்னு லட்சுமிகாந்தம் அம்மா கேட்டாக, கோட்டைச்சாமின்னு சொல்லிட்டேன்.